சம்பந்தி வீட்டு நாற்று

திருவிடைமருதூர்
அக்டோபர் 9

சம்பந்தி அம்மா செவ்வந்தி அவர்களுக்கு,

நீலாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். தாங்களும் சம்பந்தி இளையபெருமாள் அவர்களும் இந்த மழையில் காய்ச்சல் சளி எதுவும் அண்டாமல் இருக்கிறீர்களா?

என் மகள் சுடர்விழி தங்கள் மகன் மணிவண்ணனைக் கைப்பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. திருப்பனந்தாள் எனக்கு ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் தங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். சொன்னதைத் திருப்பிப் படித்துப் பார்க்க முடியாத பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. கும்பகோணத்தில் என்னைப் படிக்க வைத்த கன்னியாஸ்திரிகள் ஏற்படுத்திய பழக்கம், இந்த வயதில் மாறப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வார மழையில் தங்கள் நாற்றங்கால் மூழ்கி, நாற்று அத்தனையும் அழுகிவிட்டதாக மணிவண்ணன் கோயம்புத்தூரில் சுடரிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். சொந்தமாக நிலம் வாங்கிச் செய்யும் முதல் சாகுபடி. அது நாற்றில்லாமல் தரிசாகக் கிடக்கக் கூடாது.

என் நாற்றங்கால் மேட்டில் இருப்பதால் தப்பியது. எனக்கு நட்டது போக மீதம் இருக்கிறது. மீதம் என்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கழித்ததை அனுப்பவில்லை, பொறுக்கியதை அனுப்புகிறேன். மற்றதைவிட நாலு விரல் உயரமாக எழும்பி நின்றவற்றை, பக்கத்திலேயே நின்று தனியாகக் கட்டச் சொன்னேன். சிவப்புக் கயிறு கட்டிய நாற்று முடிகள் அவைதான். ஈசானிய மூலையில் முதல் முடியாக அவற்றை நடுங்கள். என் வயலிலும் அப்படித்தான் நட்டிருக்கிறேன்.

என் வயலைப் பார்த்துக்கொள்ளும் நல்லக்கண்ணு லோடு ஆட்டோவில் கொண்டு வருவார். விலை பேச வேண்டாம்.

சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கம்.

தங்கள்,
நீலாம்பாள்


திருப்பனந்தாள்
அக்டோபர் 16

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

செவ்வந்தி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நல்லா இருக்கிறோம். இவருக்கு மட்டும் நடவு வேலையில் முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டு, 'பஸ் டிரைவரா முப்பது வருஷம் உக்காந்தே இருந்த முதுகு, திடீர்னு குனிஞ்சா கோவிச்சுக்காதா?' என்றேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சுடர் சொல்லியிருக்கிறாள்.

நான் பத்தாவது வரை படித்தவள். கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்று வந்து இறங்கியதும் கரையில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வயல் நூர்ஜஹான் ஒரு முடியைத் தூக்கிப் பார்த்து, "யாரு வீட்டு நாத்துக்கா இது, இம்மாம் உசரம்?" என்று கேட்டாள். "சம்பந்தி வீட்டு நாத்து" என்றேன். "சீர்வரிசையில வாழைத்தாரு வந்து பாத்திருக்கேன், பித்தளைக் குடம் வந்து பாத்திருக்கேன். நாத்து வந்த வீடு உங்க வீடுதாங்க்கா!" என்று சிரித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் சொன்னபடி சிவப்புக் கயிற்று முடிகளை ஈசானிய மூலையில் நானே நட்டேன். என் மாமியார் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நட்டவர். அவர் மருமகள் தன் வயலில் நடுகிறாள் என்று தெருவே வந்து பார்த்தது. அந்த மூலை ரோட்டை ஒட்டி இருப்பதால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள். நட்ட நாலாம் நாளே நாற்று நிமிர்ந்துவிட்டது.

"அவங்க நாத்து ரோட்டை எட்டிப் பாக்குது, அவங்க எப்ப நம்ம வீட்டை எட்டிப் பாக்கப் போறாங்களாம்?" என்று இவர் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவர் கேட்கிறார்.

அன்புடன்,
செவ்வந்தி


திருவிடைமருதூர்
அக்டோபர் 25

அன்பு மகள் சுடருக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையை மறக்கவில்லை, நீ ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம். மாப்பிள்ளையும் நீயும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உன் மாமியாருக்கு நாற்று அனுப்பினேன். நன்றாக எழுதியிருக்கிறார். கையெழுத்து குண்டு குண்டாக, ஒழுங்காக இருக்கிறது. உன்னுடையதைவிட மேல்.

நீ பயிர் நோய் ஆராய்ச்சி செய்கிறவள் என்பதால் ஒன்று கேட்கிறேன். நமது வயலில் நான் பொறுக்கி நட்ட உயர நாற்றுகள் மற்றவற்றைவிட ஒரு சாண் மேலே போய்விட்டன. ஆனால் நிறம் வெளிறி, மஞ்சளோடிய பச்சையாக இருக்கிறது. பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டவில்லை. இலை தண்டை விட்டு விறைப்பாக விரிந்து நிற்கிறது. இந்த வாரம் அதில் சில காய்ந்தும் போயின. நல்லக்கண்ணு யூரியா போடலாம் என்கிறார். கடைக்காரர் ஒரு டானிக்கைக் காட்டுகிறார். நான் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. போன வருடமும் விதைக்கு விட்ட பாத்தியில் இப்படிச் சில நெட்டைகள் கதிர் இல்லாமல் நின்றன. வேறு ரகம் கலந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வேலை மிகுதி என்று சாக்குச் சொல்லாமல் பதில் எழுது.

அம்மா


கோயம்புத்தூர்

அம்மா,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா, அது செழிப்பு இல்லை. நோய். விதையோடு வரும் ஒரு பூஞ்சை. ஜப்பானியர்கள் இதற்கு 'முட்டாள் நாற்று' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

பயிர் வளர்வதற்குத் தானே சுரந்துகொள்ளும் ஹார்மோன் ஒன்று உண்டு, ஜிப்ரெலின். இந்தப் பூஞ்சை பயிருக்குள் குடியேறி அதே ஹார்மோனை அளவில்லாமல் தயாரிக்கிறது. எது தன்னுடையது, எது பூஞ்சையுடையது என்று பயிருக்குத் தெரியாது. 'வளர்' என்ற உத்தரவு வந்துகொண்டே இருப்பதால் வெளிறி, மெலிந்து, மேலே மேலே போகிறது.

இதைவிட மோசம் இன்னொன்று. பூஞ்சையை எதிர்த்து நிற்கப் பயிருக்கு வேறு ஹார்மோன்கள் இருக்கின்றன. ஜாஸ்மோனிக் அமிலம் அதில் ஒன்று. மல்லிகையின் வாசனைப் பொருளோடு உறவுடையது, பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ஆபத்து வந்தால் எதிர்ப்பைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. ஜிப்ரெலின் மிஞ்சும்போது அந்த வேலை தளர்ந்துவிடுகிறது. வீட்டில் இருப்பது ஒரே ஆள். அவரை அடுப்படியிலேயே பிடித்து வைத்தால் வாசலில் யார் நிற்பது? எதிர்ப்பு ஹார்மோன்களை முன்கூட்டியே தூண்டி நாற்றைத் தயார்படுத்த முடியுமா என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விவசாயி கையில் கொடுக்கும்படி என்னிடம் இன்னும் எதுவும் இல்லை.

நோய் பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். டானிக் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் இதே ஹார்மோன்தான் இருக்கும். சாகும் செடியின் அடித்தண்டில் மாவு போலப் பூஞ்சை பூக்கும். அது காற்றில் பறந்து, பக்கத்துச் செடி பூக்கும்போது அதன் நெல்மணிக்குள் போய்விடும். ஆகவே கதிர் வெளியே வருவதற்குள் பிடுங்கியாக வேண்டும். மார்கழி பிறந்தால் காலம் கடந்துவிடும்.

அத்தை வயலிலும் இதே நாற்றுதானே, அம்மா? உயரமானதைத் தேடிப் பொறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். நான் இன்றே அவர்களுக்குப் போன் செய்யட்டுமா?

சுடர்


திருவிடைமருதூர்
நவம்பர் 3

சுடருக்கு,

நலம். உன் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. நாற்பது வருடமாக விதைக்கு என்னிடம் வந்து நிற்கிற ஊர் இது. என் நாற்றை முட்டாள் என்று எழுத உனக்கு மனம் வந்ததே என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். ஒரு நெட்டையைப் பிடுங்கினேன். தண்ணீருக்கு மேலே, கணுவில், வேர் விட்டிருந்தது. காய்ந்த ஒன்றின் அடித்தண்டில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாவு. கைக்குட்டையால் துடைத்தேன், ஒட்டிக்கொண்டு வந்தது.

நீ சொன்னது சரி.

உன் மாமியாருக்கு நீ போன் செய்யக் கூடாது. மாப்பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. நான் கொடுத்த நாற்று, நான்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். என்னுடைய சிவப்புக் கயிறு அவர் வயலின் ஈசானிய மூலையில் இருக்கிறது. அது உனக்குப் புரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


திருவிடைமருதூர்
நவம்பர் 5

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நலம். சம்பந்தி அவர்களின் முதுகு வலி குறைந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு சிறு விஷயம். தங்கள் வயலில் மற்றவற்றை மீறி உயர்ந்து நிற்கும் பயிர்களை, ஈசானிய மூலையில் இருப்பது உட்பட, வேரோடு பிடுங்கி எரித்துவிடுவது நல்லது. வயல் ஒரே மட்டமாக இருப்பதுதான் அழகு. ஆள் தேவைப்பட்டால் நல்லக்கண்ணுவை அனுப்பி வைக்கிறேன், அவர் நின்று பார்த்துக்கொள்வார். காரணத்தைச் சந்தர்ப்பம் வரும்போது நேரில் சொல்கிறேன். தாமதிக்க வேண்டாம்.

தங்கள்,
நீலாம்பாள்


திருப்பனந்தாள்
நவம்பர் 14

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான் இவருக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "நம்ம வயல்ல ஒசந்து நிக்கிறதைப் பிடுங்கிப் போடச் சொல்றாங்க. காரணமும் சொல்ல மாட்டாங்களாம். பிடுங்குறோமான்னு பாக்க ஆளும் அனுப்புவாங்களாம். அப்படித்தானே?" என்றார். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். "படிச்சவங்க, ஏதாவது காரணம் இருக்கும்" என்றேன். "இருந்தா எழுதத் தெரியாதா அவங்களுக்கு? உனக்கே எழுதத் தெரியுது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நானும் அவர் பக்கம் வந்துவிட்டேன்.

என் மாமியார் உங்கள் ஊர்ப் பக்கம் வயல்களில் வேலை செய்தவர். கரையில் குடை பிடித்து நிற்பவர்கள் நடு என்றால் நடுவார், பிடுங்கு என்றால் பிடுங்குவார். ஏன் என்று கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. இது எங்கள் வயல். உங்கள் வயலைவிட எங்களுடையது ஒரு சாண் உயரமாகத் தெரிவது உங்களுக்கு உறுத்துகிறதோ என்று நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு என்ன நினைப்பது என்றும் தெரியவில்லை.

அந்த மூலைப் பயிரை விதைக்கு விடலாம் என்று வைக்கோல் பிரி கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். நூர்ஜஹானுக்கும் விதை தருவதாகச் சொல்லிவிட்டேன். சம்பந்தி கொடுத்த நாற்றை நான் பிடுங்க மாட்டேன். அது எனக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் மரியாதை இல்லை.

வணக்கத்துடன்,
செவ்வந்தி


திருவிடைமருதூர்
நவம்பர் 26

அன்புள்ள செவ்வந்திக்கு,

உடல்நலம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்தில் எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாமே என்னைக் காப்பாற்றும் பதில்களாக இருந்தன. இதைக் கிழிக்கப் போவதில்லை.

நான் உங்களுக்குக் கொடுத்தது நோய் நாற்று. தெரிந்து கொடுக்கவில்லை. ஆனால் நவம்பர் மூன்றாம் தேதி தெரிந்துகொண்டேன், ஐந்தாம் தேதி தெரிந்தே உங்களுக்கு மறைத்து எழுதினேன். வயல் மட்டமாக இருப்பது அழகு என்று எழுதியது பொய்.

என் விதையில் ஒரு பூஞ்சை இருந்திருக்கிறது. பயிரை நெட்டையாக வளர்க்கும் ஹார்மோனை அந்தப் பூஞ்சையே சுரக்கிறதாம். அது மிகுந்தால், நோயை எதிர்க்கச் சொல்லும் இன்னொரு ஹார்மோன் அடங்கிப் போகிறதாம். சுடர் எழுதித்தான் எனக்கே தெரியும். உயர்ந்து நின்றதெல்லாம் உயிர் குறைந்து நின்றவை. நானோ அவற்றைத்தான் தேடித் தேடிப் பொறுக்கி, சிவப்புக் கயிறு கட்டி அனுப்பினேன். மீதமிருந்த சாதாரண நாற்றைக் கொடுத்திருந்தால்கூட உங்களுக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது.

உயரம் எனக்கு உறுத்தவில்லை. உங்கள் முன்னால் தலை குனிவதுதான் உறுத்தியது. வேறு வீட்டில் பெண்ணைக் கொடுத்திருந்தால் மறுநாளே சொல்லியிருப்பேனோ என்று என்னை நானே கேட்டேன். பதிலை எழுதும் துணிவு எனக்கு இல்லை. நீங்களே அறிவீர்கள்.

இத்துடன் என் வயலில் பிடுங்கிய இரண்டு செடிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நல்லக்கண்ணுவிடம் கொடுத்தனுப்புகிறேன். வயலில் வைத்துப் பிரிக்காதீர்கள். கணுவில் விட்ட வேரையும் அடித்தண்டு மாவையும் பாருங்கள், பிறகு அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் வயலில் இதே போல இருப்பவற்றைக் கதிர் வருமுன் பிடுங்க வேண்டும். அந்த வயலின் நெல்லை, நன்றாக விளைந்தாலும், விதைக்கு வைக்கக் கூடாது. நூர்ஜஹானுக்கும் சொல்லிவிடுங்கள்.

பிடுங்குங்கள், செவ்வந்தி. என்மேல் உள்ள கோபத்தைப் பயிரின்மேல் வைத்து விட்டுவிடாதீர்கள்.

நீலாம்பாள்


திருவிடைமருதூர்
டிசம்பர் 5

சுடருக்கு,

நலம் என்று எழுதினால் பொய். இரவில் தூக்கமில்லை, அதனால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மாத்திரை கூட்டியிருக்கிறார்கள்.

உன் மாமியாருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. நல்லக்கண்ணு கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாராம். "என்ன சொன்னாங்க?" என்றேன். "மோர் குடுத்தாங்கம்மா" என்றார். "பிரிச்சுப் பாத்தாங்களா?" என்றேன். "நான் மோரைத்தான் பாத்தேன்" என்கிறார். இவரை அனுப்பினால் இப்படித்தான்.

நம் வயலில் நெட்டைகளை முழுக்கப் பிடுங்கியாயிற்று. விதை கேட்டு வந்தவர்களிடம், இந்த வருடம் என்னிடம் விதை இல்லை, காரணம் இதுதான் என்று வாசலில் நிற்க வைத்தே சொன்னேன். ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்கிறேன். அங்கே அவர் பிடுங்கினாரா இல்லையா? என் வயலில் தண்டு உருளத் தொடங்கிவிட்டது, கதிர் வர இன்னும் சில நாள்தான். அங்கும் அப்படித்தான் இருக்கும். நீ போன் செய்தால் உன்னிடம் பேசுகிறாரா? கேட்காதே. இல்லை, கேள். வேண்டாம், நான் சொல்லும்வரை பொறு.

அம்மா


திருப்பனந்தாள்
டிசம்பர் 7

சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே பிடுங்க ஆரம்பித்தோம். நானும் இவரும் நூர்ஜஹானும். நீங்கள் அனுப்பிய செடியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. என் வயலின் அந்த மூலையில் பாதிச் செடிக்குக் கீழே மாவு பூத்திருந்தது. வெறும் காலில் தினமும் அதற்குள்தான் நடந்திருக்கிறேன், குனிந்து பார்க்கவில்லை. மேலேயே பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஈசானிய மூலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீரும் சேறுமாகக் கிடக்கிறது. பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. அந்த மூலையைப் பார்த்துவிட்டு வந்து பேனாவை எடுக்க என்னால் முடியவில்லை.

ரோட்டில் போகிறவர்கள் இப்போதும் சைக்கிளை நிறுத்துகிறார்கள். நேற்று டீக்கடையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கும் அண்ணாதுரை, இவர் காதில் விழும்படியே, "நிலம் வாங்கிட்டாப் போதுமா? பயிர் வைக்கவும் தெரியணும்ல. டிரைவருக்கு என்ன தெரியும், பிடுங்கிப் பொட்டலாக்கிட்டான்" என்றாராம். இவர் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார். நான் போய், நாற்றிலேயே நோய் இருந்தது என்று சொன்னேன். "சம்பந்தி வீட்டு நாத்துன்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே. இப்ப அவங்க மேல பழியைப் போடுறியா?" என்று சிரிக்கிறார்கள். நான் சொன்னால் அது பழி. நீங்கள் சொன்னால்தான் உண்மை. இந்த ஊர் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

கடிதத்தில் சொன்னது எனக்குப் போதும். என் வயலுக்குப் போதாது. நீங்கள் இங்கே வந்து, அந்த மூலையில் நின்று, நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்றால் பதில் எழுத வேண்டாம்.

செவ்வந்தி


திருப்பனந்தாள்
டிசம்பர் 12

அன்பு மருமகள் சுடருக்கு,

அத்தை எழுதுவது. நாங்கள் நலம். நீயும் மணிவண்ணனும் நல்லா இருக்கிறீர்களா? உன் அம்மா இங்கே வந்து போனதைப் போனில் சொன்னால் சிரித்துவிடுவேனோ, அழுதுவிடுவேனோ என்றுதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டு வழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

முன்கூட்டிச் சொல்லவே இல்லை. நேற்றுக் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கிறார் என்று பையன்கள் ஓடிவந்து சொன்னார்கள். மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். "நான் வண்டியில பின்னாடி உக்கார்றதில்லை" என்று சொல்லிவிட்டு முழங்கால் வலியோடு நடந்தே வந்தார். மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். டீக்கடையைத் தாண்டும்போது, "இங்கே அண்ணாதுரைங்கிறது யாரு?" என்று கேட்டிருக்கிறார். அவர் எழுந்து நின்றதும், "வாங்க, வயலுக்குப் போகலாம்" என்று கூப்பிட, கடையில் இருந்த அத்தனை பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

அந்த மூலைக்கு வந்து நின்றதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொட்டலாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். ஆனாலும் பார்ப்பது வேறுதானே. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, "இந்த நாத்து என்னுது. நோய் என் விதையில வந்தது. தெரிஞ்ச பிறகும் இவங்ககிட்ட நேரா சொல்லாம மூணு வாரம் கடத்தினது நான். இவங்க வேலையில குத்தம் இல்லை. வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"இல்லீங்கம்மா, நான் சும்மாதான் சொன்னேன்" என்றார் அண்ணாதுரை.

"சும்மா சொல்றதுக்கு உங்களுக்கு இவங்க வயல்தான் கிடைச்சுதா? உங்க வயலைப் போய்க் குனிஞ்சு பாருங்க. காத்து உங்க பக்கமும்தான் அடிக்குது."

அண்ணாதுரை சிரிக்காமல் போய்விட்டார். நூர்ஜஹான் என் காதருகே வந்து, "அக்கா, உங்க சம்பந்தியம்மாவை ரெண்டு நாள் இங்கேயே வெச்சுக்குங்க. எனக்கும் ஒரு வரப்புத் தகராறு இருக்கு" என்றாள்.

அதன் பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உன் அம்மா சேற்றில் இறங்கிவிட்டார். நான் வேண்டாம் என்று கத்தினேன். வரிசை வரிசையாகப் பார்த்து, நாங்கள் விட்டுவிட்ட ஏழெட்டுச் செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கினார். "இதைப் பாக்கலையா நீங்க?" என்று என்னையே அதட்டுகிறார். "நீங்க குடுத்தது அவ்வளவு, எத்தனையைத்தான் பாப்பேன்?" என்றேன். அவர் அடுத்த வரிசைக்குக் குனிந்துகொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

சாப்பிடும்போது, "எனக்கு இன்னும் கோபம் முழுசாப் போகலீங்க" என்று சொல்லிவிட்டேன். "போக வேண்டாம். முதல்ல கதிர் வரட்டும்" என்றார். அடுத்த வருடம் விதை வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். பூஞ்சைக்கு மருந்து கலந்து விதை நேர்த்தி செய்யும் அன்று கூட நிற்க வேண்டுமாம். "நிக்கிறதா இருந்தா வராதீங்க. கையை வைக்கிறதா இருந்தா வாங்க" என்றேன். சரி என்றார்.

சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சன்னல் வழியாக, "கதிர் வந்தா எழுதுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்புடன்,
அத்தை


திருப்பனந்தாள்
டிசம்பர் 19

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கார்டில் நலம் விசாரிக்க இடம் போதாது.

இன்று காலை கதிர் தலை காட்டியது. மூலை தவிர மற்ற இடமெல்லாம் உறை விரிந்து பூட்டை பிரிகிறது. வெளியே வந்தவரை பச்சையாகத்தான் இருக்கிறது. நேற்றுக் காற்று பலமாக அடித்தது. கண்ணில் படாமல் ஏதாவது மிஞ்சியிருந்ததா, மாவு பறந்ததா, தெரியவில்லை. மணியைக் கிள்ளிப் பார்த்தேன், இன்னும் பால் ஏறவில்லை. பதராகுமா நெல்லாகுமா என்று சொல்ல இரண்டு வாரம் ஆகும். நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுதலாம் என்றார் இவர். நான் கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் இன்றே எழுதிவிட்டேன்.

செவ்வந்தி